அக்கரையிலிருந்து திரும்பி வந்த டீசல்

சென்ற கிழமை பயிற்சிக் கூட்டம் முடிந்து எல்லோரும் கதிரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் பின்வரிசையிலிருந்து கேட்டார். "மிஸ், எண்ணெய்க் குதத்தில தாங்கியெல்லாம் வத்திப்போன நாள் நீங்க என்ன செய்தீங்க?" வெளியே வாகனம் காத்துநின்றது. "ஆக்களிட்டப் போய்க் கேட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை ஆற அமர இருந்து எழுதி அனுப்புகிறேன். குழாய், வால்வு, பம்பு பற்றி இதில் ஒன்றும் இராது. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நாட்டில் எண்ணெய்க் கிணறு இல்லை. கப்பலில் வருவதைக் கொழும்பிலிருந்து கோச்சி ரயிலில் ஏற்றி மட்டக்களப்பிலிருக்கும் எங்கள் குதத்துக்கு, அந்த எண்ணெய்க் களஞ்சியத்துக்கு, அனுப்புவார்கள். யுத்தம் கோச்சியை நிறுத்தியபின் பவுசர் என்ற தாங்கி லொறியில் வந்தது. பவுசருக்கு இருந்தது ஒரே வீதி. அது எப்போது மூடும், மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்லக்கூடிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. வீதி திறந்திருந்த நாட்களில் நாங்கள் விற்பனையாளர்கள். மூடிய நாட்களில், இருக்கும் கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று சொல்வது என்பதுதான் எங்கள் வேலை. படித்துவிட்டு வந்த எவருக்கும் அந்த வேலை தெரிந்திருக்கவில்லை.

நான் சேர்ந்தது கணக்குப் பிரிவில். வீதியில் போகும் ஆண்கள் மாலையில் வீடு திரும்புவார்களா என்பது நிச்சயமில்லாத காலம் என்பதால், சோதனைச் சாவடி தாண்டிப் போகிற வேலைகள் ஒவ்வொன்றாகப் பெண்களின் கைக்கு வந்தன. அப்படித்தான் நான் இருப்புப் பொறுப்பாளரின் உதவியாளரானேன். அந்தப் பொறுப்பாளர் தன்னாமுனையிலிருந்து சைக்கிளில் வருகிற மனிதர். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் கூப்பிட்டபடி சேர் என்றே சொல்லுகிறேன்.

சேரைப் பற்றி ஒரு சம்பவத்தை முதலில் சொல்லவேண்டும். அதைக் கண்டிராவிட்டால் பிறகு நான் செய்ததைச் செய்திருக்கமாட்டேன்.

ஒருநாள் மண்ணெண்ணெய் கொடுப்பதாக அறிவித்திருந்தோம். எதிர்பார்த்த பவுசரில் பாதிதான் வந்தது. காலையிலேயே வாசலுக்கு வெளியே கானோடும் போத்தலோடும் சனம் நெருங்கிவிட்டது. "எண்ணெயை உள்ளுக்குள்ள பதுக்கி வச்சிரிக்காங்க, எல்லாம் ஆமி முகாமுக்குப் போகுது" என்று யாரோ சொன்ன கதை வரிசை முழுக்கப் பரவி, வாசற்கதவைப் பிடித்து ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். காவலாளி பயந்துபோய் முகாமுக்குத் தகவல் அனுப்பவா என்று கேட்டார்.

"அவங்க வந்தா சனம் ஓடும். ஓடுறவன எல்லாம் பிடிப்பாங்க. நாளைக்கு நாலு தாய்மார் இந்த வாசல்ல வந்து நிண்டு அழுவாங்க. வேணாம்" என்றார் சேர்.

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். ஆகக் கூடுதலாகச் சத்தம் போட்டவர்களாகப் பார்த்து மூன்று பேரைத் தெரிந்தெடுத்தார். அவர்களில் ஒருவர் கதிரவெளியிலிருந்து வந்த மீனவர், கழுத்தில் துவாயோடு நின்ற உயரமான மனிதர். மூவரையும் உள்ளே கூட்டிவந்து தாங்கியின் மேல் ஏறச் சொன்னார். அளவுகோலை அவர்கள் கையிலேயே கொடுத்தார்.

"விட்டுப் பாருங்க. பாத்தத அவங்களுக்குச் சொல்லுங்க."

கதிரவெளிக்காரர் கோலை இறக்கி, தூக்கி, நனைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மேலேயிருந்தே சனத்தைப் பார்த்துக் கத்தினார். "உள்ளுக்குள்ள ஒரு முழம்தான் கிடக்குடோய்! பதுக்க ஒண்டும் இல்ல!"

சத்தம் அப்படியே அடங்கியது. சேர் அவரைக் கீழே இறக்கி, "இந்த ஒரு முழத்த எப்பிடிப் பங்கிடுவம்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு முதலில், பக்கத்தில் இருப்பவர்கள் அடுத்த பவுசருக்கு என்று அவர்களே முடிவெடுத்தார்கள். முறுமுறுத்தவர்களைச் சமாளித்ததும் அந்த மூன்று பேர்தான். அன்று பின்னேரம் சேர் என்னிடம், "இல்லாதத மறைச்சா நம்மள நம்ப மாட்டாங்க, புள்ள. மறுகா இருக்கிறதையும் பங்கிட ஏலாது" என்றார்.

இனி நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன்.

அது அறுவடைக் காலம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை இராணுவத்தின் கையில், மேற்கே படுவான்கரை இயக்கத்தின் கையில் இருந்த நேரம். அக்கரைக்கு ஒரு போத்தல் எண்ணெய் போவதென்றாலும் அனுமதி வேண்டும். நெல் வயலிலேயே வீணாய்ப் போய்விடும் என்று சேர் மாவட்டக் காரியாலயமான கச்சேரிக்கும் முகாமுக்கும் மாறிமாறி நடந்து, படுவான்கரையில் ஒரு வட்டைக்கு, அதாவது ஒரு வயல்வெளிக்கு, சூடு அடிக்க டீசல் அனுப்ப அனுமதி வாங்கினார். சூடு என்பது அறுத்த கதிர்களை அடுக்கிவைக்கும் போர். அதைப் பிரித்துப் பரப்பி உழவு மிசினை மேலே ஓட்டி நெல்லைப் பிரிப்பார்கள். அந்த வட்டைக்கு டீசல் போய்ச் சேர்ந்ததை நானே நின்று பார்த்தேன். அதன் பிறகும் மருத்துவமனைக்கென்று ஒரு பகுதியைத் தாங்கியில் தொடாமல் வைத்திருந்தோம். சேர் அடுத்த ஒதுக்கீட்டுக்காகக் கொழும்புக்குப் போனார். அவர் போய் இரண்டு நாளில் வீதி மூடியது.

மின்கம்பங்கள் சரிந்து நகரமே ஏற்கனவே இருளில் கிடந்தது. மருத்துவமனை மட்டும் ஜெனரேட்டரில் ஓடியது. வீதியை மூடிய சண்டையே காயப்பட்டவர்களாக மருத்துவமனைக்குள் வந்துகொண்டிருந்தது. சத்திரசிகிச்சைக்கூடம் ஓயாமல் இயங்க, ஒதுக்கிவைத்த டீசல் நாங்கள் நினைத்ததைவிட வேகமாகக் கரைந்தது. குதத்தில் சேருக்குப் பதிலாக நான் இருந்தேன்.

ஒரு காலையில் மருத்துவமனையின் தலைமைத் தாதியான மேற்றன் நடந்தே வந்தார். வெள்ளைச் சீருடையில் முழங்கால்வரை புழுதி. களுதாவளைப் பெண், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

"தங்கச்சி, நாளைக்குப் பகல் வரைக்கும்தான் எங்கட மிசின் ஓடும். மறுகா ஒப்பரேசன் தியேட்டர் இருட்டு. ரத்தம் வச்சிரிக்கிற பிறிச்சும் நிண்டிரும். மாசம் நிறையாமப் பிறந்த ரெண்டு குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கு."

"மேற்றன், தாங்கியில அடிமண்டிதான் மிச்சம். தண்ணியும் சேறும். அத ஊத்தினா இண்டைக்கே உங்கட மிசின் செத்துப்போகும்."

"எனக்கு மண்டி வேணாம், டீசல் வேணும்" என்றார். கதிரையில் உட்காரக்கூட இல்லை. "அது எங்க கிடக்கெண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

அவர் போனபிறகு அந்த வார்த்தை என் காதிலேயே நின்றது. இரண்டு மாதமாக எங்கள் தாங்கியிலிருந்து போன டீசல் எல்லாம் எங்கே போனதென்று யோசித்தேன். பேக்கரிகள் விறகுக்கு மாறிவிட்டன. அரிசி ஆலைகள் பூட்டிக்கிடந்தன. முகாமில் கச்சேரிக்காரர் கேட்டுப்பார்த்தபோது தங்களுக்கே போதாது என்று பதில் வந்தது. மிச்சம் இருக்கக்கூடிய ஒரே இடம் வாவிக்கு அப்பால் இருந்த அந்த வட்டைதான். அங்கே இன்னும் சூடு அடித்து முடிந்திராது.

கச்சேரி அதிகாரி உதவி செய்யத்தான் நினைத்தார். "அவசரகாலக் கட்டளை ஒண்டு தாறன். கொண்டுபோய்க் காட்டி எடுத்துக்கொண்டு வாங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். அக்கரையில் அந்தக் கடதாசிக்கு மதிப்பில்லை என்பது ஒரு காரணம். மதிப்பு இருந்திருந்தாலும் நான் கொண்டுபோயிருக்கமாட்டேன். கட்டளையைக் காட்டி ஒருமுறை எடுக்கலாம். அடுத்தமுறை டீசல் பீப்பாயை, நாங்கள் சொல்லும் பரலை, மண்ணில் புதைத்து வைப்பார்கள்.

எங்களுக்குப் பரல் ஏற்றும் லொறி காத்தான்குடி அன்சார் நானாவுடையது. அந்த வருடங்களில் அவர் படுவான்கரைப் பக்கம் போக முடியாது. நான் காத்தான்குடி வீதியில் தனியாக இறங்கி நடக்கத் தயங்கிய நாட்களும் இருந்தன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் பயந்திருந்த காலம் அது, ஏன் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். விசயத்தைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"மண்முனைத்துறை வரைக்கும் நான் கொண்டுபோறன் மிஸ். அங்கால நீங்க போங்க. நீங்க கிறுகி வாற வரைக்கும் லொறிய அசைக்க மாட்டன்."

"லொறிக்கு எண்ணெய்?"

"டாங்கில கிடக்கிறது ஒருக்காப் போய்வரக் காணும்."

வெறுங் கான்களை ஏற்றிக்கொண்டு போனோம். துறைச் சாவடியில் கான்களைத் தட்டிப் பார்த்து, வெறுமையாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். வாவியைக் கடக்க அங்கே 'பாதை' என்ற மிதவைதான். நானும் கான்களும் ஒரு சைக்கிள்காரரும் மட்டும் ஏறினோம். திரும்பிப் பார்த்தபோது அன்சார் நானா லொறியின் நிழலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

அக்கரையில் இறங்கி வயலுக்குப் போய்ச் சேரும்போது தென்கிழக்கில் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. சூடு அடிக்கும் களவெட்டியில் உழவு மிசின் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வட்டையின் தண்ணீர், வேலை எல்லாவற்றுக்கும் பொறுப்பான வட்டவிதானை சாமித்தம்பி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து வந்தார்.

"வாங்க மகள். பவுசர் வந்திட்டா?"

"இல்ல விதானையார். நான் தர வரல்ல. கேட்டு வந்திரிக்கன்."

அவர் என் கையிலிருந்த வெறுங் கானைப் பார்த்தார். பிறகு திரும்பி, "மிசின நிப்பாட்டு" என்றார். சத்தம் நின்றதும் வயலில் நின்ற எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். குதத்தில் மண்டி மட்டும். மருத்துவமனை மிசின் நாளைப் பகல்வரை, கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு குழந்தை. வீதி எப்போது திறக்குமென்று தெரியாது. "கட்டளை ஒண்டும் கொண்டரல்ல. இல்லையெண்டு சொன்னா நான் போயிருவன். அதுக்காக அடுத்தமுறை உங்கட பங்கக் குறைக்கவும் மாட்டன்."

ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த எண்ணெய எடுக்க நாங்க எத்தின நாள் துறையில வெயில்ல காஞ்சம் தெரியுமா? இப்ப திருப்பித் தாங்க எண்டா? அந்த வானத்தப் பாருங்க மிஸ்!"

அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

விதானையார் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "என்ட வயல் அடிச்சு முடிஞ்சுது. நான் ஓம் எண்டு சொல்லுறது லேசான வேல. மிச்சம் கிடக்கிறது நல்லம்மாட வயலும் பக்கத்து ரெண்டு பேர்ட வயலும். கிடக்கிற எண்ணெய் அவங்களுக்குரியது. அவங்கதான் சொல்லோணும்" என்றார்.

எல்லோரும் நல்லம்மாவைப் பார்த்தார்கள். தலையில் சுற்றிய துணியில் வைக்கோல் ஒட்டிக்கிடந்தது. கணவன் இல்லாமல் அந்த வயலை வைத்தே பிள்ளைகளை வளர்த்த பெண். ஆள் மெலிவு, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அறுத்த கதிரெல்லாம் இன்னும் வயலில் கிடந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ், ஒண்டு கேக்கன். அந்த ஆசுப்பத்திரில எரியிற லைற்று எங்களுக்கும் எரியுமா?"

ஓம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் காரியம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் போன மாரியில் அந்தக் கரைப் பெண் ஒருத்தி பிரசவ வலியோடு, வாவியைக் கடக்க அனுமதி கிடைக்காமல், துறையில் காத்துக்கிடந்ததை அங்கே நின்ற எல்லோரும் அறிவார்கள். நானும் அறிவேன். அளவுகோலை இறக்கிப் பார்த்த கதிரவெளி மனிதரின் முகம் ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

"வாட்டுக்குள்ள போய்ச் சேந்திட்டா எரியும். எந்தக் கரை எண்டு அங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா போய்ச் சேருறது என்ட கையில இல்ல நல்லம்மா. அதுக்கு நான் வாக்குத் தர ஏலாது."

நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"எரியும் எண்டு பொய் சொல்லுவீங்களா எண்டு பாக்கத்தான் கேட்டன்" என்றார் நல்லம்மா. விதானையார் பக்கம் திரும்பினார். "கிடக்கிற கதிரெல்லாத்தையும் இண்டைக்கே அள்ளிச் சூடு வைப்பம். மழைக்குப் போறது போகட்டும். மறுகா மாடு கட்டி மிதிப்பம். எண்ணெய ஊத்திக் குடுங்க."

பக்கத்து வயல்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். மற்றவர் போய்ப் பரலை உருட்டிக்கொண்டு வந்தார். சற்றுமுன் கோபப்பட்டாரே, அவர்தான் கான்களுக்குப் புனல் பிடித்தார். ஒரு துளி கீழே சிந்தவில்லை. துறைவரை கான்களை இழுத்துவரும் அளவுக்கு மட்டும் உழவு மிசினில் விட்டுவைத்தார்கள். நான் புறப்படும்போது அத்தனை பேரும் நல்லம்மாவின் வயலில் குனிந்து கதிர்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். தன் வயல் முடிந்த விதானையாரும் மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இக்கரைச் சாவடியில்தான் உண்மையான சிக்கல் வந்தது. போகும்போது வெறுமையாய்ப் போன கான்கள் நிறைந்து வந்ததைக் கண்டதும் இரண்டு சிப்பாய்கள் துவக்கை நீட்டினார்கள். உள்ளேயிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். மீசை அரும்பிய வயது. எனக்குத் தெரிந்தது தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசிப் பழகிய சிங்களம். அதில்தான் கதைத்தேன்.

"இது என்ன?"

"டீசல், சேர்."

"எங்கிருந்து?"

"அக்கரையிலிருந்து."

அவர் ஒவ்வொரு கானாகத் திறக்கச் சொல்லி மணந்து பார்த்தார். கம்பியை விட்டு அடிவரை துழாவினார். உள்ளே வேறு பொருள் இருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டதை நான் குறைசொல்லமாட்டேன். அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். டீசலைத் தவிர ஒன்றுமில்லை என்று கண்டபிறகு அவருக்குக் குழப்பம் இன்னும் கூடியது.

"இங்கிருந்து அங்கே எண்ணெய் போவதைத் தடுக்கத்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து இங்கே வந்தால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. "அப்படியென்றால் அங்கே தேவைக்கு மேலே இருக்கிறது. இதை நான் மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டும்."

அவர் அறிவித்தால் அந்த வட்டைக்கு இனி அனுமதி கிடைக்காது. கொடுத்ததற்கே தண்டனையாகிவிடும்.

"தேவைக்கு மேலே இருந்ததைத் தரவில்லை, சேர்" என்றேன். "அவர்களுடைய கதிர் வயலில் கிடக்கிறது. மழை வருகிறது, நீங்களே பார்க்கிறீர்கள். அதை அடிக்க வைத்திருந்த டீசலை மருத்துவமனைக்குத் தந்திருக்கிறார்கள். நம்பாவிட்டால் உங்கள் ஆள் ஒருவரை என்னோடு அனுப்புங்கள். இது மருத்துவமனை மிசினுக்குள் போவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். வேறெங்காவது போனால் என்னைப் பிடித்துக்கொண்டு வரட்டும்."

அவர் வாவிக்கு மேலாக அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வயலுக்கு மேலே மேகம் இன்னும் இறங்கியிருந்தது. அவருடைய ஊரும் வயல் உள்ள ஊராக இருந்திருக்கலாம். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"அறுத்துவிட்டார்களா?" என்று கேட்டார்.

"அறுத்துவிட்டார்கள்."

அவர் ஒரு சிப்பாயைக் கூப்பிட்டு லொறியில் ஏறச் சொன்னார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "நான் எதையும் எழுதவில்லை. இந்தப் பக்கம் எண்ணெய் வந்ததாக எனக்குத் தெரியாது. போங்கள்" என்றார். மற்றச் சிப்பாய்கள் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கான்களைத் தூக்கி லொறியில் வைத்தார்கள்.

அன்சார் நானா சொன்னபடியே லொறியை அசைக்காமல் இருந்தார். சிப்பாயைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. இருந்தாலும் கதவைத் திறந்து அவனுக்கு இடம் விட்டார். மூன்று பேரும் முன்னால் நெருங்கி உட்கார்ந்து ஆரையம்பதியும் காத்தான்குடியும் தாண்டி மருத்துவமனைக்கு வந்தோம்.

மேற்றன் வெளியே வந்து கான்களைப் பார்த்தார். நன்றி என்று அவர் சொல்லவில்லை, அதற்கு நேரமும் இல்லை. ஜெனரேட்டர் பார்க்கிறவர் வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டி வடிகட்டி ஊற்றினார். அந்தச் சிப்பாய் பக்கத்திலேயே நின்று கடைசிக் கான்வரை பார்த்தான். பிறகு சத்திரசிகிச்சைக்கூடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த வெளிச்சத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். மேற்றன் எங்கள் மூவருக்கும் பால் இல்லாத பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார், சீனி இல்லாமல், கைக்கு ஒரு துண்டு வெல்லச் சர்க்கரை. அன்சார் நானா தன்னுடைய சர்க்கரையைச் சிப்பாயிடம் நீட்டினார். அவன் தயங்கி வாங்கிக்கொண்டான்.

அவனைத் துறையில் திரும்பக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரும் வழியில் லொறியில் டீசல் தீர்ந்துவிட்டது. அன்சார் நானா ஆரையம்பதியில் ஒரு வீட்டு வளவுக்குள் ஆட்களைக் கொண்டு அதைத் தள்ளி விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனாராம். வீதி திறக்கும்வரை அவருக்கு உழைப்பில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

மழை அன்று பின்னேரமே தொடங்கி விட்டுவிட்டுப் பெய்தது. மருத்துவமனை மிசின் நிற்கவில்லை. அக்கரை டீசல் தீரும் தறுவாயில் வீதி திறந்து முதல் பவுசர் வந்தது. அதே பவுசரின் முன் ஆசனத்தில் சேரும் வந்து இறங்கினார், மூன்று நாள் தாடியோடு.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பாராட்டுவார் என்ற ஆசை எனக்கு இருந்ததை மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"நல்லம்மாட கதிர் என்னாச்சு?"

எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனை ஓடியதோடு என் மனதில் காரியம் முடிந்திருந்தது.

"அப்ப இன்னும் முடியல்ல, புள்ள" என்றார். அன்று வந்த டீசலில் முதல் பரலை அக்கரைக்கு ஒதுக்கினார். அனுமதிக்கு அவரே மறுபடி முகாம் வாசலில் போய் நின்றார்.

உங்களுக்கு இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், உங்கள் திரையில் தெரியும் இருப்பு தாங்கிக்குள் இருப்பது மட்டும்தான். ஒரு கெட்ட நாளில் அது பூச்சியமாகும். அப்போது நீங்கள் யாரிடம் போகலாம் என்பது, நல்ல நாட்களில் அவர்களோடு எப்படி நடந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. படுவான்கரையில் அன்று எனக்குக் கிடைத்த டீசல் நான் சம்பாதித்ததல்ல. சேர் எத்தனையோ வருடமாக யாரையும் ஏமாற்றாமல் பங்கிட்டதால் கிடைத்தது. அவருக்கும், துறையில் குந்தியிருந்த அன்சார் நானாவுக்கும், எழுதாமல் விட்ட அந்த அதிகாரிக்கும் நான் இன்றுவரை கடமைப்பட்டவள். கொடுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று போய்ப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். சேர் கேட்டிராவிட்டால் நான் போயிருக்கமாட்டேன்.

பரலோடு நான் அக்கரைக்குப் போனேன். விதானையார் நல்லம்மா வீட்டைக் காட்டினார். வளவு முழுக்கப் பாயும் சாக்கும் விரித்து நெல் காயப்போட்டிருந்தது. அவசரத்தில் அடுக்கிய சூட்டின் அடிப்பக்கம் தண்ணீர் ஏறி, அந்த நெல்லெல்லாம் கறுத்து, நுனியில் வெள்ளையாக முளைவிட்டிருந்தது. மேல்பக்கத்து நெல் தப்பிவிட்டது என்று நல்லம்மா சொன்னார். கெட்டது பாதியா, முக்காலா என்று நான் கேட்கவில்லை. கண்ணால் பார்க்கவே தெரிந்தது.

"மிசின் நிண்டிச்சா மிஸ்?"

"நிக்கல்ல."

"அந்தக் குழந்தைகள்?"

"ரெண்டும் இரிக்குதுகள். ஒண்ட தாய்க்காரி வீட்ட கொண்டுபோயிட்டா."

"நல்லம்" என்று சொல்லிவிட்டு அவர் குசினிக்குள் போனார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடிவாதமாக இருத்திவிட்டார். எனக்குப் போட்டது வெள்ளைச் சோறு, வாவி இறால் குழம்பு. பக்கத்தில் அவருடைய பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வேறொரு பானையிலிருந்து போட்டார். அந்தச் சோறு மங்கிய மஞ்சளாக, குழைந்து இருந்தது.

நான் என் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன். "எனக்கும் அதில போடுங்க நல்லம்மா."

"அது உங்களுக்குச் சரிவராது கா. நனஞ்ச நெல்லு. மணக்கும்."

"பரவாயில்ல, போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டு அகப்பையை அந்தப் பானைக்குள் விட்டார். சோற்றில் முளைநெல்லின் இனிப்பும் ஈரச்சாக்கின் வாசமும் இருந்தன. நான் கோப்பையை வழித்துத் தின்று, இன்னொருமுறையும் கேட்டு வாங்கினேன்.